ஆறு வருட ஊழியம், விட்டுப்போன ஒரு பெயர்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நீளமானது. மற்ற வாசகர்களுக்காக, உங்களை யாரும் அடையாளம் காணாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

உங்களுக்கு வயது 52. ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. உங்கள் சபையைச் சேர்ந்த ஒரு விதவைத் தாய் 6 வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானார். அன்று முதல் புதன் மாலையும் சனிக்கிழமை காலையும் அவர் வீட்டுக்குப் போகிறீர்கள். உடம்பு துடைத்து, விரிப்பு மாற்றி, ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை டப்பாவில் பிரித்து வைத்துவிட்டு வருகிறீர்கள். மற்ற நாட்களில் ஒரு உதவிப்பெண் வருகிறார். அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கும் உங்களுடையது. அந்த அம்மாவின் ஒரே மகன் தொலைவில் இருக்கிறார். போன மாதம் வந்திருந்தபோது, ஸ்தோத்திர ஆராதனையில் சாட்சி சொன்னார். போதகருக்கு நன்றி, மருத்துவருக்கு நன்றி, ஒரே ஒரு நாள் வந்து பாட்டுப் பாடிவிட்டுப் போன வாலிபர் குழுவுக்கும் நன்றி. உங்கள் பெயர் வரவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கணவரிடம் சொல்லி அழுதபோது, "அப்போ இத்தனை நாளும் பேருக்காகத்தான் செய்தாயா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி உங்களை விடவில்லை. செய்ததெல்லாம் வீண்தானா, இருதயம் சுத்தமாகும்வரை இந்த வேலையை நிறுத்திவிடலாமா, மகனிடம் என் வருத்தத்தைச் சொன்னால் அது பாவமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னும் இரண்டு செய்திகளும் எழுதியிருக்கிறீர்கள்: முழங்கால் வலிக்கு 8 மாதமாக மருத்துவரைப் பார்க்கவில்லை, தினமும் இரவில் ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு ஜெபிக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டும்தான் முதலில் கண்ணில் பட்டன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கணவரின் கேள்வி, பெயருக்காகவா அன்புக்காகவா என்று இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்கிறது. பதில் சொல்ல முடியாமல் நீங்கள் திணறுவதில் ஆச்சரியமில்லை. நன்றி கிடைத்தால் மகிழ்வது ஒன்று, கிடைக்காதபோது வலிப்பது இன்னொன்று, நன்றி கிடைக்கும் என்பதற்காகவே செய்வது வேறொன்று. முதல் இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. மூன்றாவது இருந்ததற்கு உங்கள் கடிதத்தில் எந்தத் தடயமும் இல்லை. பெயர் வாங்க ஆசைப்படுகிறவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முதியவரின் மலம் துடைக்கிற வேலையைத் தேர்ந்தெடுப்பதில்லை. மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் வேலையாகப் பார்த்துக் கேட்டு வாங்குவார்கள்.

"மனுஷர் காணவேண்டுமென்று" தர்மம் செய்யாதிருங்கள் என்கிறது மத்தேயு 6:1. எச்சரிக்கை 'காணவேண்டுமென்று' என்ற அந்த நோக்கத்தைப் பற்றியது. பிறகு யாராவது கண்டதைப் பற்றியதோ, காணாமல் போனதற்காக மனம் நொந்ததைப் பற்றியதோ அல்ல. அடுத்த வசனத்தில் "அவர்கள் தங்கள் பலனை அடைந்துதீர்ந்தது" என்று வருகிறதே, அதைப் படித்துத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், அந்தக் காலத்துப் பற்றுச்சீட்டுகளில் 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதப் பயன்பட்ட சொல். கணக்குப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு இது எளிதில் புரியும். கைத்தட்டலுக்காகக் கொடுத்தவனுக்குக் கைத்தட்டல் வந்துவிட்டது. சீட்டு எழுதியாயிற்று, பாக்கி இல்லை. உங்களுக்கோ அந்தக் கைத்தட்டலே வரவில்லை. வராத தொகைக்கு யார் சீட்டு எழுத முடியும்?

நன்றியை எதிர்பார்ப்பதே அசுத்தம் என்ற எண்ணமும் வேதத்துக்குப் பொருந்தாது. பத்துக் குஷ்டரோகிகள் சுகமானபோது ஒருவன் மட்டுமே திரும்பி வந்தான். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசு கேட்டார் (லூக்கா 17:17). அவர் கவனித்தார், வாய்விட்டும் கேட்டார். ஆனால் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நன்றி வராததை உணர்வது வேறு, அதற்காகக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வது வேறு.

அந்த 600 என்ற எண்

ஆனாலும் உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. "வாரம் இரண்டு நாள், 6 வருடம், கணக்குப் பார்த்தால் 600 தடவைக்கு மேல்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எப்போது கூட்டிப் பார்த்தீர்கள்? அந்த அம்மாவின் அறையில் நின்று கூட்டியிருக்க மாட்டீர்கள். ஆராதனை முடிந்து வந்த அந்த இரவில்தான் என்று ஊகிக்கிறேன்.

அன்பு "தீங்கு நினையாது" என்று அப்போஸ்தலன் பவுல் 1 கொரிந்தியர் 13:5இல் எழுதுகிறார். நம் மொழிபெயர்ப்பில் 'நினையாது' என்று மென்மையாக ஒலிக்கிறது. மூலத்தில் அது பேரேட்டில் பற்று எழுதுவதைக் குறிக்கவும் வழங்கும் சொல். அன்பு பிறர் செய்த தீங்கைக் கணக்கில் ஏற்றிவைப்பதில்லை. நாம் செய்த நன்மையை ஏற்றிவைப்பதும் அதே பேரேட்டின் எதிர்ப்பக்கம்தான். எதிர்ப்பக்கம் நிரம்ப நிரம்ப, யாரோ நமக்குக் கடன்பட்டவராகிவிடுகிறார். அவருக்கோ அந்தக் கடன் தெரியவே தெரியாது.

கெட்ட குமாரன் உவமையில் வரும் மூத்த மகனைப் பாருங்கள். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்தபோது, எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்று கோபித்துக்கொண்டு வெளியே நின்றவன் அவன். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்றுதான் தொடங்குகிறான். வயலில் அவன் பட்ட பாடு பொய்யில்லை. தகப்பனும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. ஒரு ஆட்டுக்குட்டிக்கு ஆசைப்பட்டதும் குற்றமில்லை. அத்தனை வருஷமும் அதை வாய் திறந்து கேட்காமல், மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்ததுதான் அவனை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தியது. "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்று தகப்பன் சொல்லவேண்டியிருந்தது.

நீங்களும் எதையோ கேட்காமல் இருந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, உங்களுக்கு வேண்டியிருந்தது மைக்கில் ஒரு பெயர் என்று எனக்குப் படவில்லை. 'நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள், இந்த வாரம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டியிருந்தது. அது 6 வருடமாக வரவில்லை. கடைசியில், பெயர் விட்டுப்போன ஒரு நிமிஷத்தில் அத்தனையும் சேர்ந்து உடைந்தது.

சுத்தமாகும்வரை நிறுத்தலாமா?

வேண்டாம். 'என் நோக்கம் சுத்தமாகட்டும், அதுவரை போகமாட்டேன்' என்பது கேட்பதற்குப் பரிசுத்தமாக இருக்கிறது. ஆனால் உங்கள் சுத்தத்துக்கான விலையை அந்த அம்மாவின் முதுகு கொடுக்கவேண்டி வரும். அன்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு அன்பைச் சுத்தப்படுத்த முடியாது.

தன்னலத்தின் நிழல்கூடப் படாத அன்பு மட்டுமே அன்பு என்ற எண்ணம் புதியதல்ல. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் இதைப் பற்றிப் பெரிய தர்க்கமே நடந்தது. தன் இரட்சிப்பைப் பற்றிய விருப்பம்கூட இல்லாமல் தேவனை நேசிக்கும் நிலைக்கு ஆத்துமா வர முடியும் என்று எழுதினார் பேராயர் ஃபெனலோன். ஆயர் பொசுவே அதை எதிர்த்தார். 1699இல் போப் பன்னிரண்டாம் இன்னசென்ட், ஃபெனலோனின் எழுத்திலிருந்து 23 கூற்றுகளைத் தள்ளுபடி செய்தார். அதற்கு 500 வருடங்களுக்கு மேல் முந்திய கிளேர்வோ பெர்னார்டு என்ற துறவி இன்னும் நிதானமானவர். அன்பு நான்கு படிகளில் ஏறுகிறது, அதன் தொடக்கமே மனிதன் தன்னைத் தனக்காக நேசிப்பதுதான் என்றார். கடைசிப் படியை இந்த வாழ்வில் யாராவது முழுமையாக எட்டுகிறார்களா என்பதில் அவருக்கே சந்தேகம். எபிரெயர் 12:2 இயேசுவைப் பற்றிச் சொல்வதையும் கவனியுங்கள்: "தமக்குமுன் வைத்திருந்த சந்தோஷத்தின்பொருட்டு" சிலுவையைச் சகித்தார். சந்தோஷத்தை எதிர்நோக்கியதால் அவருடைய அன்பு கறைபட்டது என்று எந்தக் கிறிஸ்தவனும் சொல்லமாட்டான்.

அப்படியானால் நோக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லையா? இல்லை. சொத்தெல்லாம் அன்னதானம் பண்ணினாலும் அன்பு இல்லாவிட்டால் "பிரயோஜனம் ஒன்றுமில்லை" என்று எழுதியதும் பவுல்தான். ஆனால் 'என் நோக்கம் சுத்தமா?' என்று உள்ளே பார்த்துக் கேட்கும் கேள்விக்கு ஒருநாளும் பதில் கிடைக்காது. இருதயம் திருக்குள்ளது, "அதை அறியத்தக்கவன் யார்?" என்று எரேமியா 17:9 கேட்கிறது, அந்த இருதயத்தையே சாட்சியாக அழைத்து விசாரித்தால் என்ன கிடைக்கும்? பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள்.

அதில் முக்கியமானது: நாளைக்கே வேறொரு சகோதரி வந்து, உங்களைவிட நன்றாகக் கவனித்து, அந்த அம்மாவும் அவரையே அதிகம் தேடினால், உங்களுக்கு நிம்மதியா, நெருடலா? நிம்மதி என்றால் நீங்கள் அந்த அம்மாவை நேசிக்கிறீர்கள். நெருடல் என்றால் அந்த அம்மாவோடுகூட, அவருக்கு நீங்கள் தேவைப்படுவதையும் நேசிக்கிறீர்கள். இரண்டும் கலந்திருக்கலாம், கலப்படம் தெரிந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, எதைக் கர்த்தரிடம் சொல்லவேண்டும் என்பது தெளிவாகிவிடுகிறது, அவ்வளவுதான். இன்னொரு கேள்வி: அந்த அம்மா 'இன்றைக்குக் குளிப்பாட்ட வேண்டாம்' என்றால் விட்டுவிடுகிறீர்களா, அல்லது உங்கள் பட்டியல் முடிந்தாக வேண்டுமா? மூன்றாவது: செய்துவிட்டு வந்த அன்றே யாரிடமாவது அதைச் சொல்லாமல் இருக்க முடிகிறதா?

உள்ளே பார்ப்பதைவிடப் பயன் தருவது, கண்ணை எதிரே வைப்பது. படுக்கையில் இருப்பவரை ஒருக்களித்துத் திருப்பும்போது குதிகாலையும் இடுப்பின் அடிமுதுகையும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் சரி. அழுத்தியும் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாதபடி தூக்கி வைத்து, செவிலியரிடம் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்கவைக்க உதவிப்பெண்ணிடமும் சொல்லவேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த ஐந்து நிமிஷத்தில் 'நான் எதற்காகச் செய்கிறேன்' என்ற நினைப்பு வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அன்பு "தற்பொழிவை நாடாது", அதாவது தன் நலத்தைத் தேடாது, என்று பவுல் எழுதியதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: தன்னைத் திட்டித் தீர்ப்பதைவிட, தன்னைச் சற்று நேரம் மறந்திருப்பது.

எல்லாவற்றையும் மறைக்க வேண்டுமா?

இனிமேல் யாருக்கும் தெரியாமல் செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். பணத்தை அப்படிக் கொடுக்கலாம். உதவிப்பெண்ணின் சம்பளப் பங்கை சபைப் பொருளாளர் வழியாகப் பெயரில்லாமல் அனுப்புங்கள். ஆனால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். கணக்கில்லாத இரகசியப் பணத்தால் நல்ல சபைகளிலும் மனஸ்தாபம் வந்திருக்கிறது. பராமரிப்பை மட்டும் மறைக்காதீர்கள். "உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது" என்று சொன்னவரும், வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று சொன்னவரும் ஒருவரே. தவிரவும், 6 வருடமாக நீங்கள் மறைத்ததன் பலனைத்தான் இப்போது பார்க்கிறீர்கள். உங்கள் சுமை யாருக்கும் தெரியாததால் யாரும் கைகொடுக்க வரவில்லை. மகனுக்கும் அநேகமாக முழு விவரம் தெரியாது.

மகனிடம் பேசுவது

வருத்தத்தைச் சொல்வது பாவமில்லை. ஆனால் அவர் செய்தது மத்தேயு 18:15 சொல்கிற மாதிரி உங்களுக்கு விரோதமான குற்றமா, வெறும் மறதியா என்று முதலில் பாருங்கள். மறதி என்றால் விட்டுவிட முயலுங்கள். இரண்டு வாரம் ஆன பிறகும் மனதுக்குள் அவரோடு பேசிக்கொண்டே இருந்தால், நேரில் அல்லது தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், போதகர் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். இரண்டு வாக்கியம் போதும்: "தம்பி, அன்றைக்கு என் பேர் வராமல் போனது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. மனதில் வைத்துக்கொண்டு பேச எனக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிட்டேன்." அவர் மன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். 'உங்களை யார் செய்யச் சொன்னது?' என்று சீறினாலும் 600 என்ற எண்ணை மட்டும் எடுக்காதீர்கள்.

இதைவிட அவசியமான பேச்சு வேறொன்று இருக்கிறது. விதவைக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள்தான் முதலாவது பெற்றாருக்குப் பதில் நன்மை செய்யக் "கற்றுக்கொள்ளக்கடவர்கள்" என்கிறது 1 தீமோத்தேயு 5:4. அந்த 'கற்றுக்கொள்ள' என்ற சொல் முக்கியம். எல்லாவற்றையும் நீங்களே செய்துகொண்டிருந்தால் அவர் எங்கே கற்பது? கலாத்தியர் 6ஆம் அதிகாரம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் சொல்கிறது. மூலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள்: முன்னது நசுக்கும் பாரம், பின்னது அவரவர் தோளுக்கான சுமை. தாயின் நோய் அவரை நசுக்கியபோது நீங்கள் கைகொடுத்தீர்கள். உதவிப்பெண்ணின் சம்பளம் அவருடைய தோளுக்கான சுமை.

ஆகவே அடுத்த மாதத்திலிருந்து முழுச் சம்பளத்தையும் அவர் ஏற்கவேண்டும், சனிக்கிழமைக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்யவேண்டும் என்று கேளுங்கள். நான்கு வாரம் அவகாசம் கொடுங்கள். செய்யவேண்டிய வேலைகள், மாத்திரை நேரம், மருத்துவர் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். புதிதாக வருகிறவரோடு இரண்டு முறையாவது சேர்ந்து நின்று செய்து காட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: பெயர் விட்டுப்போன வருத்தத்தையும் இந்தக் கோரிக்கையையும் ஒரே பேச்சில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கோரிக்கை தண்டனையாகத் தெரியும். நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும். "மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படியல்ல" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை (2 கொரிந்தியர் 8:13) உங்கள் முழங்காலுக்கும் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

இரவு ஜெபங்கள்

ஒரே பாவத்தை ஒரே இரவில் பலமுறை அறிக்கையிடுவதாகவும், 'நான் மாயக்காரியா?' என்று கணவரிடம் தினமும் நான்கைந்து முறை கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இது மனந்திரும்புதலின் ஆழம் என்று நினைத்துவிடாதீர்கள். இளம் துறவியாக இருந்த மார்ட்டின் லூத்தர் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும் நிம்மதியின்றித் தவித்தார். அவரைக் கேட்டுக் கேட்டு அவருடைய துறவற சபையின் தலைவர் ஸ்டௌபிட்ஸ் சலித்துப்போனார். பவுலோ, தன்னைத் தானே நியாயந்தீர்ப்பதில்லை, "என்னை நியாயந்தீர்க்கிறவர் கர்த்தரே" என்று அந்த வழக்கையே மூடிவிடுகிறார் (1 கொரிந்தியர் 4:3-4). நம் இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் "தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர்" என்கிறார் யோவான்.

ஒருமுறை அறிக்கையிடுங்கள், நம்பகமான ஒருவர் முன்னிலையில் என்றால் இன்னும் நல்லது. அதோடு அது முடிந்தது. கணவர் 'இல்லை, நீ நல்லவள்தான்' என்று சொல்லும்போது பத்து நிமிஷம் ஆறுதலாக இருக்கும். பிறகு சந்தேகம் இன்னும் பலமாகத் திரும்பும். அதனால் இனி நீங்கள் கேட்டாலும் அவர் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்கு மாறட்டும். கோபத்தில் அப்படிச் செய்யாமல், இருவரும் முன்பே பேசி ஒத்துக்கொண்டு செய்யவேண்டும். இப்படிச் சோதிப்பதும் அறிக்கையிடுவதும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தால், அல்லது தூக்கத்தைத் தொடர்ந்து கெடுத்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். பக்தியின் உடையில் வரும் எண்ணச்சுழற்சி நோயாக (OCD) அது இருக்கலாம். அதற்கென்று தனிப் பேச்சுச் சிகிச்சை உண்டு, மாத்திரையும் உண்டு, இரண்டும் நன்றாகவே உதவுகின்றன. மருத்துவரிடம் போவதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பக்கவாதம் வந்த அந்த அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்களை அப்படிச் சொல்வீர்களா என்று கேளுங்கள்.

இந்தப் புதன்கிழமை வழக்கம்போல் போங்கள். வாசலில் நின்று நோக்கத்தைச் சோதிக்க வேண்டாம். அந்த அம்மாவிடம் முதலில் எப்படித் தூங்கினார் என்று கேளுங்கள், பிறகு குதிகாலைப் பாருங்கள். அதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமைக்குள், உங்கள் முழங்காலை ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்ட நேரம் வாங்கிவிடுங்கள்.